அம்மாவுக்குப் பத்துக்கு ஒன்பது

1

இந்தக் கதை என் சமையலறை ஜன்னலுக்குக் கீழே கிடைத்தது. தேடிப் போய் எடுத்ததல்ல என்பதால் இதன்மேல் எனக்கு எவ்வளவு உரிமை என்று சரியாகத் தெரியவில்லை.

அஸ்தினாபுரத்தில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தில் கார் நிறுத்துமிடம் என் ஜன்னலுக்கு நேர் கீழே. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் அங்கே நிற்கும் ஒரு சாம்பல் நிறக் காருக்குள் ஒருவர் தனியாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். காற்றுக்காகக் கண்ணாடியை நான்கு விரல் இறக்கி வைத்திருப்பார். ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வார். "இந்தப் பாட்டோட ஹூக் ஒரு வாக்கு கொடுக்குது. மீதிப் பாட்டு அதைக் காப்பாத்தல." ஒரு இருமல். மறுபடி, "ஹூக் ஒரு வாக்கு கொடுக்குது…" ஏதோ வழக்கறிஞர் வாதத்துக்குப் பயிற்சி எடுக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த வாரம் வெளிவந்த ராப் பாட்டுகளுக்கு விமர்சனம் பதிவு செய்கிறார் என்று தெரிய எனக்குச் சில மாதங்கள் ஆயின. (ஹூக் என்பது பாட்டில் திரும்பத் திரும்ப வந்து காதில் மாட்டிக்கொள்ளும் வரி. இதுவும் அந்த ஜன்னலில் நின்று கற்றதுதான்.)

பெயர் தோத்தாத்ரி. முப்பத்தாறு வயதிருக்கும். கிண்டியில் ஒரு வாகனக் காப்பீட்டு அலுவலகத்தில், இடிபட்ட கார்களின் புகைப்படங்களைப் பார்த்துச் சேதம் எவ்வளவு என்று மதிப்பிடும் வேலை. அவருடைய விமர்சனங்களைச் சில ஆயிரம் பேர் கேட்கிறார்கள். அவருடைய மனைவி ஜெயஸ்ரீ கேட்பதில்லை. வீட்டில் பேசினால் எதிரொலிக்கிறது என்று காருக்கு வந்தாரா, ஜெயஸ்ரீ அனுப்பிவைத்தாரா என்பதை நான் விசாரிக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை கார் பேசவில்லை. அடுத்த வெள்ளியும் பேசவில்லை. உடம்புக்கு ஏதாவது முடியவில்லையோ என்று லிஃப்ட்டில் பார்த்தபோது கேட்டேன். "உடம்புக்கு ஒண்ணுமில்ல. என்ன சொல்றதுன்னு தெரியல," என்றார். பிறகு கீழே போய், காரில் சாய்ந்துகொண்டு, நடந்ததைச் சொன்னார். நான் இங்கே எழுதுவது அதைத்தான். அங்கங்கே என் சரக்கும் கலந்திருக்கும். கலந்த இடங்களில் முடிந்தவரை சொல்லிவிடுகிறேன்.

2

தொடக்கம் அமையவில்லை. முயன்றவற்றை அழிக்காமல் வைக்கிறேன்.

[பொழிச்சலூர் கூரைகளை உரசுவதுபோல ஒரு விமானம் இறங்கியபோது சாமுண்டீஸ்வரி அண்ணாந்து பார்த்து—]

இதை நிறுத்திவிட்டேன். விமான நிலையத்தை ஒட்டிய பொழிச்சலூரில் யாரும் விமானத்தை அண்ணாந்து பார்ப்பதில்லை. பேச்சை ஒரு மூச்சு நிறுத்தி, அது போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள்.

[ராப் என்பது ஒடுக்கப்பட்ட மக்களின் குரலாக—]

இது கட்டுரை. உங்களுக்கே தெரிந்திருக்கும், அல்லது தேடினால் கிடைக்கும்.

[தோத்தாத்ரி என்று பெயர் வைத்துக்கொண்டு ஒருவன் ராப் கேட்பானா?]

இந்த மூன்றாவதை வேடிக்கைக்காக எழுதினேன். எழுதிய பிறகுதான், அவரைப் பார்க்கிற எல்லோரும் அவரிடம் கேட்கிற கேள்வி இதுதானே என்று உறைத்தது. பதிலையும் அவர் கைவசம் வைத்திருக்கிறார். "பேர் அப்பா வெச்சது. காது என்னோடது." சரி, இங்கிருந்தே தொடங்கலாம். இனி அவரை அவன் என்று எழுதுகிறேன். கதைக்குள் வந்துவிட்டால் மரியாதை கொஞ்சம் குறைந்து நெருக்கம் கொஞ்சம் கூடிவிடுகிறது.

அவனுக்கு இந்தக் காது கல்லூரி விடுதியில் வாய்த்தது. அறைத்தோழனின் இயர்போனில் ஒரு பக்கத்தைக் கடன் வாங்கிக் கேட்டபோது முதலில் பிடித்தது வேகம். பிறகு வேகம் அலுத்துவிட்டது. ஒரு பாட்டுக்காரன் தாளம் விழுந்த பிறகு ஒரு நூல் தாமதித்துச் சொல்லை வைப்பதைக் கவனித்தான். இன்னொருவன் தாளத்துக்கு முன்னால் ஓடிப்போய் அது வரட்டும் என்று காத்திருந்தான். பேச்சு தாளத்தின்மேல் உட்காரும் இந்த விதத்தை ஃப்ளோ என்கிறார்கள். அதுமுதல் தோத்தாத்ரி அதைக் கவனிக்காமல் யாரிடமும் பேச முடியாதவனாகிவிட்டான். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் வருங்கால மாமனார் ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லையும் விழுங்குகிறார் என்பது மட்டும்தான் அவனுக்கு நினைவிருக்கிறது.

3

அந்த வாரம் மூன்று வெளியீடுகள். கிண்டியில் ரயில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, குரோம்பேட்டை வருவதற்குள் ஒரு சுற்றுக் கேட்டுவிட்டான்.

முதலாவது, பெயர் வாங்கிய ஒருவருடைய புதிய பாட்டு. அதில் அவர் வாங்கிய பொருள்கள் எல்லாம் வருகின்றன. "ஷோரூம் வாசல்ல நின்னு பெயர்ப்பலகையை வாசிக்கிற மாதிரி இருக்கு. நல்லா வாசிக்கிறார், அது வேற விஷயம்," என்றான் விமர்சனத்தில். பத்துக்கு மூன்று.

இரண்டாவது, மேற்குத் தாம்பரத்துப் பெண்கள் இரண்டு பேர் கல்லூரிப் பேருந்தைப் பற்றிப் பாடியது. ஓரிடத்தில் இருவரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்துவிட்டு, ஒருத்தி சிரித்து, மற்றவள் தொடர்கிறாள். அந்தத் தவறை வெட்டாமல் விட்டிருந்தார்கள். "அதை வெட்டாத கை இருக்கே, அதுக்காகவே இவங்களோட அடுத்த பாட்டுக்குக் காத்திருக்கேன்." பத்துக்கு ஏழு.

மூன்றாவதுதான் நம் கதை. பொழிச்சல் ஜே என்பவனின் ஐந்து பாட்டுத் தொகுப்பு, 'மேல ஃப்ளைட்டு, கீழ வூடு'. ஜேயின் சொந்தப் பெயர் ஜெயவேலு. பொழிச்சலூரில் பிறந்து, பொத்தேரிக் கல்லூரியில் படிப்பை முடித்தும் முடிக்காமலும், அங்கேயே நண்பர்களோடு அறை எடுத்துப் பாட்டுச் செய்துகொண்டிருப்பவன். நான்காவது பாட்டில் தாளம் சட்டென்று அடங்கி, ஒரு பெண்குரல் வருகிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பும் குரல் செய்திபோல ஒரு கரகரப்பு.

"தோ பாரு ஜெயா. நான் கூப்டல, அவரு கூப்டறாரு. கண்ணு தொறக்க மாட்டேங்குது, வாயி உன் பேரச் சொல்லுது. டாக்டரு வந்தாரு, போனாரு. உங்க சித்தப்பன் வந்தான், போனான். நீதான் வரல. வரியா, இல்ல வர மாட்டியா, ஒரு வார்த்த சொல்லு."

பாட்டின் விவரக் குறிப்பில், 'குரல்: அம்மா' என்று மட்டும் இருந்தது.

இப்படிப் பாட்டுகளுக்கு நடுவே ஒரு சிறு நாடகம் வைப்பது ராப்பில் பழைய வழக்கம். நண்பர்களைக் கூப்பிட்டு நடிக்கச் சொல்வார்கள். இவன் அம்மாவை நடிக்கவைத்திருக்கிறான் என்று தோத்தாத்ரி எடுத்துக்கொண்டான். எடுத்துக்கொண்டு, குஷியாகிவிட்டான். விமர்சனத்தில் அவன் சொன்னது இது (ஜன்னலிலிருந்து எட்டு தடவையாவது கேட்டிருப்பேன்):

"இந்தத் தொகுப்புல பெஸ்ட் ராப்பர் ஜே கிடையாது, ஜேயோட அம்மா. 'வந்தாரு, போனாரு, வந்தான், போனான்', இந்த நாலு சொல்லு விழற இடத்தைக் கேளுங்க. பீட்டே கிடையாது, ஆனா பீட் இருக்கிற மாதிரி நம்ம தலை ஆடுது. அம்மாவுக்குப் பத்துக்கு ஒன்பது. அவங்க முடிச்சதும் பையன் வர்றான் பாருங்க. 'காதுல வுழுந்துச்சி, காலுதான் நகரல. பொத்தேரி பிளாட்பாரம், பொழுதுதான் தகரல.' பொழுது எப்படிங்க தகரும்? நகரலைக்கு ஒரு துணை வேணும், தகரலை வந்து உக்காந்துடுச்சு. எதுகைக்காகப் போட்ட வரி. அப்புறம் வழக்கம்போல ரயில். சென்னையில ராப் எழுதற எல்லாரும் ஒரு ரயிலை விட்டுடறாங்க. பையனுக்கு அஞ்சு."

இந்தத் துண்டை யாரோ தனியாக வெட்டிப் பரப்பினார்கள். அதுவரை ஜேயைக் கேட்டிராதவர்களும் ஜேயின் அம்மாவைக் கேட்டார்கள். ஜே மட்டும் எதுவும் சொல்லவில்லை. வழக்கமாக ஐந்து மதிப்பெண் கொடுத்தால் ராப்பர்கள் சும்மா இருப்பதில்லை. இந்த மௌனம் தோத்தாத்ரிக்குக் கொஞ்சம் விநோதமாகப் பட்டது.

4

அடுத்து வரும் தீபாமேல் எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது. பொழிச்சலூரில் இருந்து பொத்தேரிக்குப் போய்ப் படிக்கும் பெண், ஜேயின் பாட்டுக்கு ரசிகை, ஜேயின் வீட்டு மாவு மில்லில் கோதுமை அரைக்கக் கொடுப்பவள். ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் செய்தி கொண்டுபோக வேண்டும் என்பதற்காகவே செய்ததுபோல இருக்கிறாள் இல்லையா? நீக்கிப் பார்த்தேன். நீக்கினால் அந்தக் குரலை அந்த அம்மாவுக்கு யார் போட்டுக் காட்டுவது? ஜேயின் அம்மா சாமுண்டீஸ்வரி தன் மகனின் பாட்டுகளைக் கேட்பதில்லை. வார்த்தை பிடிபடவில்லை என்பது காரணம். ஆகவே தீபா இருக்கட்டும். அவள் மில்லில் டப்பாவை வைத்துவிட்டு, ஆன்ட்டி உங்களுக்கு ஒன்பது மார்க் போட்டிருக்கிறார்கள் என்று சொல்லி, போனை நீட்டினாள்.

இரண்டு நாள் கழித்து அவள் தோத்தாத்ரிக்கு எழுதினாள். 'அண்ணா, ஜே அம்மா உங்கள பாக்கணும்னு சொல்றாங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானம் மில்லுக்கு வர முடியுமா?'

தோத்தாத்ரி அதைப் பாராட்டு விழா அழைப்புபோல எடுத்துக்கொண்டான். கேட்க வேண்டிய கேள்விகளை யோசித்து வைத்தான். எத்தனை டேக் எடுத்தீர்கள்? வசனம் யார் எழுதியது? மில் என்று கேள்விப்பட்டதும் ஒரு கோட்பாடே அவன் மனத்தில் உருவாகிவிட்டது. வருடக்கணக்காக மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசித்தான் அந்தத் தாளம் அவர் நாக்கில் ஏறியிருக்கிறது. இதை வைத்துத் தனியாகவே ஒரு பதிவு போடலாம்.

5

மில் ஒரு கதவு அகலம்தான். சற்று முன்புதான் யாரோ மிளகாய் அரைத்துவிட்டுப் போயிருந்தார்கள். தோத்தாத்ரி உள்ளே நுழைந்ததும் தொடர்ச்சியாகத் தும்மினான். சாமுண்டீஸ்வரி மெஷினை நிறுத்தி, முந்தானையால் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, தண்ணீர் கொடுத்தார். ஐம்பதைத் தாண்டியவர். முன்கை முழுக்க மாவு. (இவரை அவள் என்று எழுத எனக்கு வரவில்லை. கதைக்குள் வந்த பிறகும் சிலரிடம் நெருங்க முடிவதில்லை.)

தோத்தாத்ரி தன் கோட்பாட்டைச் சொன்னான். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"மெஷினா? இது அவரு பாத்துக்கினு இருந்தது. அவரு போனப்புறம்தான் நான் ஒக்காந்தேன், போன வருசம். நான் எப்பவும் இப்பிடித்தான் பேசறது. எங்கம்மா இன்னும் வேகமாப் பேசும்."

கோட்பாடு அத்தோடு முடிந்தது. அடுத்த கேள்வியாக, அதை எங்கே வைத்துப் பதிவு செய்தீர்கள் என்று கேட்டான்.

"ஆஸ்பத்திரில," என்றார்.

அவனுக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. அது நாடகம் இல்லை. போன வருடம் குரோம்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, கணவருடைய போனிலிருந்து மகனுக்கு அவர் அனுப்பிய செய்தி அது. அன்று சாயங்காலம் கணவர் இறந்துவிட்டார். மகன் அதற்குப் பிறகுதான் வந்தான். போனில் சார்ஜ் இல்லை, அணைந்து கிடந்தது, செய்தியை மறுநாள்தான் கேட்டேன் என்று சொன்னான். அவர் நம்பினார். ஒரு வருடமாக அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான், சாப்பிடுவான், போவான். இந்த ஞாயிறு வரவில்லை. தன் குரல் பாட்டில் இருக்கிறது என்று இப்போதுதான் தெரியும். தன்னைக் கேட்காமல் வைத்தான் என்பதில்கூட அவருக்குக் கோபம் இருந்ததாகத் தோத்தாத்ரிக்குத் தோன்றவில்லை. அவருக்குத் தேவைப்பட்டது வேறு.

"பாட்டக் கேட்டு எல்லாத்தையும் புட்டுப் புட்டு வெக்கிறியே தம்பி. இத்தச் சொல்லு. நான் பேசுனத அவன் அன்னிக்கே கேட்டானா, மறுநாளு கேட்டானா?"

தோத்தாத்ரி அந்த போன் எங்கே என்று கேட்டான். அதில் பார்த்தால் தெரிந்துவிடும், கேட்ட நேரம்கூட இருக்கும். சாவு வீட்டுக் கூட்டத்தில் யார் எடுத்தார்களோ, அதன் பிறகு அதைப் பார்க்கவே இல்லை என்றார்.

"என் பேச்சு முடிஞ்சதும் அவன் இன்னாவோ வேகவேகமாப் பாடறான். எனக்கு ஒண்ணும் புரியல. அந்தப் பொண்ணாண்ட கேட்டா, தெரியல ஆன்ட்டிங்குது. அதுக்குத் தெரிஞ்சிதான் இருக்கு, சொல்ல மாட்டேங்குது. நீ நிதானமா சொல்லு."

தோத்தாத்ரி இயர்போனை எடுத்து மாட்டி, அந்தப் பாட்டைப் போட்டான். ரயிலில், காரில், அலுவலகத்தில் எத்தனையோ முறை கேட்டது. இப்போது முதன்முறையாக ஃப்ளோவை விட்டுவிட்டு, ஒருவன் என்ன சொல்கிறான் என்று கேட்டான்.

காதுல வுழுந்துச்சி, காலுதான் நகரல
பொத்தேரி பிளாட்பாரம், பொழுதுதான் தகரல
மொத வண்டி போச்சு, மறு வண்டி போச்சு
ஏறிப்போனா முடிஞ்சிடும், ஏறாட்டி கீது மூச்சு

இயர்போனைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்ததாக என்னிடம் சொன்னான். பாட்டு முடிந்து, அடுத்த பாட்டும் ஓடிக்கொண்டிருந்ததாம்.

6

இங்கே நான் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சமையலறைக்கும் மேசைக்கும் நடந்தேன். அவன் என்ன செய்தான் என்று எனக்குத் தெரியும், சொல்லியிருக்கிறான். ஆனாலும் அவன் செய்திருக்கக்கூடிய மற்றவற்றை எழுதிப் பார்க்காமல் என்னால் அதற்குப் போக முடியவில்லை.

[அ. அவன் பொய் சொல்கிறான். "அது சும்மா எதுகைக்காகப் போட்ட வரிம்மா, அர்த்தம் ஒண்ணும் இல்ல." இந்தப் பொய்யின் அழகு என்னவென்றால், இதை அவன் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. ஏற்கனவே ஊரறியச் சொல்லியிருக்கிறான். அவனுடைய அபிப்பிராயம் அப்படியே இருந்தால் போதும், தாயும் மகனும் அப்படியே இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைச் சோறும் அப்படியே—]

இதை முடிக்காமல் விடுகிறேன். மிகவும் வசதியாக இருக்கிறது.

[ஆ. "உங்க பையன்கிட்டயே கேளுங்கம்மா," என்று சொல்லிவிட்டு எழுந்துகொள்கிறான்.]

பண்பானவர்கள் இதைத்தான் செய்வார்கள். என் வீட்டிலும் இதைத்தான் சரி என்றார்கள். ஆனால் மகனிடம் கேட்க முடிந்திருந்தால் அவர் முன்பின் தெரியாத ஒருவனை எதற்குக் கூப்பிட்டு ஸ்டூல் போட வேண்டும்?

[இ. அவன் சொல்கிறான். அவர் அழுகிறார். மகனின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே மெஷினின்மேல்—]

இல்லை. இது நான் பார்த்த ஏதோ படம்.

7

நடந்தது இது.

தோத்தாத்ரி நான்கு வரிகளையும் நிதானமாகச் சொன்னான். பாடவில்லை, தாளம் போடவில்லை. ஒரு வரி சொல்லி, அவர் முகத்தைப் பார்த்து, அடுத்த வரி. எதையும் விடவில்லை. விளக்கவும் இல்லை.

அவர், "இன்னொரு தபா," என்றார். சொன்னான்.

"காதுல வுழுந்துச்சின்னா?"

"கேட்டுருக்கான்னுதான் நினைக்கிறேன். அன்னிக்கே." பிறகு இதையும் சொல்லிவிட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. "அந்த வரிக்கு அர்த்தம் இல்லன்னு நான்தாம்மா பேசி வெச்சேன். சரியாக் கேக்கல நான்."

அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. கோதுமை மூட்டையின்மேல் மெதுவாக உட்கார்ந்தார். தோத்தாத்ரி எது வந்தாலும் வரட்டும் என்று காத்திருந்தான். அவர் வாயிலிருந்து வந்தது அவன் எதிர்பார்க்காதது.

"ட்ரெயினுக்கு இன்னாத்துக்கு நின்னான்? பொத்தேரிலர்ந்து பஸ் ஏறுனா ஆஸ்பத்திரிகிட்டயே எறங்கிக்கலாமே."

(இந்த இடத்தில் நான் சிரித்துவிட்டேன். தோத்தாத்ரியும் சொல்லும்போது லேசாகச் சிரித்தார்.)

வெளியே ஒரு டப்பாவோடு யாரோ வந்து எட்டிப் பார்த்து, அப்புறம் வருகிறேன் என்று போனார்கள். சாமுண்டீஸ்வரி முன்கையில் இருந்த மாவை விரலால் வழித்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வண்டி வுட்டானா?"

"பாட்டுல ரெண்டுன்னு இருக்கு. நெஜத்துல எவ்வளவோ."

"அந்தக் கடைசில வருதே, அத்த மட்டும் சொல்லு."

"ஏறிப்போனா முடிஞ்சிடும், ஏறாட்டி கீது மூச்சு."

அவர் உதடு அசைந்தது. அதைத் தனக்குள் சொல்லிப் பார்த்தார். தோத்தாத்ரியின் காது, அந்த நிலையிலும், அவர் அதை மகனைவிடச் சரியான இடத்தில் நிறுத்திச் சொல்கிறார் என்று குறித்துக்கொண்டது. அதற்காகத் தன்மேல் அவனுக்கு எரிச்சல் வந்தது.

"வந்து பாத்தாத்தானே போயிட்டாருன்னு ஆவும்னு நின்னுகினு இருந்திருக்கான்," என்றார் கடைசியில். "நான் இங்க, புள்ளைக்கு அப்பன்மேல பாசமே இல்லன்னு நெனச்சிக்கினு, அத்த வாய்விட்டுச் சொல்லாம சோறு போட்டுக்கினு இருந்தேன்."

இதுதான் அவருடைய ஒரு வருடம் என்று தோத்தாத்ரிக்கு அப்போது புரிந்தது. அவர் அந்தப் பொய்யை நம்பியிருந்தார். நம்பியும் ஏதோ ஒன்று அடங்கவில்லை. எப்போது கேட்டான் என்பது அவருக்குப் பாதிக் கேள்விதான்.

8

பிறகு அவர் வேறு ஒன்று கேட்டார். இந்த மாதிரிப் பாட்டு போட்டால் அதற்குப் பதில் எப்படிப் போடுவார்கள்?

தோத்தாத்ரிக்குத் தெரிந்த துறை. ஒரு ராப்பர் இன்னொருவரைச் சீண்டிப் பாட்டுப் போட்டால், அவர் பதிலுக்கு ஒரு பாட்டுப் போடுவார், அதற்கு இவர் திருப்பிப் போடுவார், ரசிகர்கள் யார் ஜெயித்தது என்று தீர்ப்புச் சொல்வார்கள் என்று விளக்கினான். எத்தனை பதில் பாட்டுகளுக்கு அவனே தீர்ப்புச் சொல்லியிருக்கிறான். சொல்லச் சொல்ல அவனுக்கே அது சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி தெரிந்தது. சாமுண்டீஸ்வரி ஆர்வமாகக் கேட்டார்.

"அவன் பாட்டுல போட்டான். எனக்குப் பாட்டு வராது. நான் எனக்கு வர மாதிரி போடறேன்," என்று சொல்லி, இடுப்பிலிருந்து போனை எடுத்தார். குரல் செய்தி அனுப்ப அவருக்குத் தெரியும். மாவு தயார், வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று தினமும் வாடிக்கையாளர்களுக்கு அனுப்புகிறார். தோத்தாத்ரியைப் பார்த்து, "நீ கொஞ்சம் வெளிய நில்லு தம்பி," என்றார்.

அவன் வெளியே போய் நின்றான். உள்ளே மோட்டார் கிளம்பும் சத்தம் கேட்டது. அரைக்க எதுவும் இல்லாமல் மெஷினை வெறுமனே ஓடவிட்டிருந்தார், அவன் காதில் விழக் கூடாது என்று. கதவு வழியாக அவர் முதுகு தெரிந்தது. போனை வாயோடு ஒட்டி வைத்திருந்தார். தலை ஒருமுறை ஆடியது. ஒரு கை எதையோ தள்ளுவதுபோல அசைந்தது. ஒரு விமானம் தாழ்வாகக் கடந்தபோது நிறுத்தி, அது போனதும் தொடர்ந்தார்.

அவர் என்ன பேசினார் என்று எழுத எவ்வளவோ முயன்றேன்.

[ஜெயா, நான் உன்ன—]

[ஜெயா, பஸ்ஸுல வந்திருக்கலாமேடா. அப்பா உன்ன—]

[தோ பாரு ஜெயா. பொய்யி சொன்னியே, அதுக்கு நான்—]

மூன்றுமே என் குரலில் இருந்தன. வாசலில் நின்ற தோத்தாத்ரிக்குக் கேட்காததை மேசையில் உட்கார்ந்திருக்கும் எனக்குக் கேட்டதாக எழுத மனம் வரவில்லை. எந்தப் பாட்டின் எந்தக் குரலைப் பற்றியும் அபிப்பிராயம் வைத்திருக்கும் ஒருவன், தான் கேட்க வேண்டும் என்று மிகவும் ஆசைப்பட்ட பேச்சுக்கு வெளியே நின்றான். கேட்கவில்லையே என்று இருந்ததா என்று நான் கேட்டதற்கு, "இருந்துச்சு. ஆனா கேட்டிருந்தா மார்க் போட்டிருப்பேன்," என்றார்.

மோட்டார் நின்றது. சாமுண்டீஸ்வரி வெளியே வந்தார். முகம் கழுவியிருந்தார்.

"போயிடுச்சா பாரு. எழுத்து சின்னதா கீது, தெரியல."

அவன் வாங்கிப் பார்த்தான். "போயிடுச்சும்மா."

"கேட்டானா?"

அவன் திரையை அவருக்குக் காட்டி விளக்கினான். பக்கத்தில் இருக்கும் இந்தச் சின்ன மைக் இப்போது சாம்பல் நிறத்தில் இருக்கிறது. அந்தப் பக்கம் மகன் கேட்டால் இது நீலமாகும். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். இருவரும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதற்குள் சற்று முன் வந்து போனவர் டப்பாவோடு திரும்பி வந்தார். கேழ்வரகு. அவசரமாம்.

சாமுண்டீஸ்வரி டப்பாவை வாங்கிக்கொண்டார். போனை வாங்கிக்கொள்ளவில்லை. "நீ பாத்துக்கினு இரு. மாறுனா சொல்லு," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அதற்குப் பிறகு நடந்ததையும் தோத்தாத்ரி என்னிடம் சொன்னார். நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அது அவர்கள் மூவரைப் பற்றிய என் தீர்ப்பாகிவிடும் என்று பயமாக இருக்கிறது. அதனால் அந்த போனை அவன் கையிலிருந்து வாங்கி உங்களிடம் தருகிறேன். மூலையில் லேசாகக் கீறல் விழுந்த போன், உறையெல்லாம் மாவு, பத்திரம். பார்த்துக்கொண்டே இருங்கள். நிறம் மாறினால் அவருக்குச் சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கும், உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது.